மேலநீலிதநல்லூர் ரோட்டில் ஒரு துவந்த யுத்தம்

போன வாரம் முடிவெட்டப் போன இடத்தில், கடைக்காரத் தம்பி கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து, "கிருதாவைக் கொஞ்சம் இறக்கி வைக்கட்டுமா சார்? இப்ப அதுதான் ஸ்டைல்" என்று கேட்டார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. பவுடரும் படிகாரமும் கலந்த அந்த வாசனையில், தாடைவரை கிருதா வைத்த சண்முகவேல் வந்து நின்றுவிட்டான்.

சண்முகவேல் பத்திர ஆபீஸ் குமாஸ்தா. நான் பருத்திப் பேட்டையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். சுதந்திரம் வந்த புதிது. ருஷ்யாவின் தேசியக் கவியைப் பற்றிய இங்கிலீஷ் புத்தகம் ஒன்று எப்படியோ சங்கரன்கோவில் வாசகசாலைக்கு வந்து சேர்ந்தது. அந்த மொழிக்கே புது உயிர் கொடுத்தவர், பின்னால் வந்த எழுத்தாளர்களெல்லாம் அவர் நிழலில் முளைத்தவர்கள் என்று போட்டிருந்தது. அட்டைப் படத்தில் கவிக்குத் தாடைவரை கிருதா. கவிதைகளில் பாதி எங்களுக்கு விளங்கவில்லை. சாவு விளங்கியது. மனைவியைப் பற்றி ஊர் தப்பாகப் பேச, கவி அதற்குக் காரணமானவனைத் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்து, பனியில் குண்டடிபட்டு இறந்துபோனார். அதைப் படித்து நாங்கள் இருவரும் அழுதோம். அவ்வளவு பெரிய இலக்கியத்திலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது கிருதாவும் சண்டையும்தான்.

சண்முகவேலின் மனைவி கோமதி பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர். ஹெட்மாஸ்டரின் மனைவி நோயில் படுத்துவிட்டதால், சாயங்காலங்களில் அவர் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பார். பருத்தித் தரகர் முத்தையா காபி கிளப்பில் இருந்துகொண்டு, "அவனுக்குக் கவிதை படிக்க நேரமிருக்கு. பொண்டாட்டிக்கு ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போக நேரமிருக்கு" என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அது காதுக்கு எட்டியதும் சண்முகவேல் நேரே என்னிடம் வந்தான். "அவனைச் சண்டைக்குக் கூப்பிடப் போறேன் வே. நீருதான் எனக்குச் சாட்சி."

சாட்சியாக நிற்பவனின் முதல் வேலை சமாதானம் பேசுவது என்று புத்தகத்திலேயே இருந்தது. படித்தவன்தான் நான். ஆனால் அந்த நேரம் எனக்கு என்னவோ காவியத்துக்குள் நுழைவதுபோல ஒரு மிதப்பு. நேரே கிளப்புக்குப் போய், எல்லார் காதிலும் விழும்படி முத்தையாவிடம் அழைப்பைச் சொன்னேன். துப்பாக்கிக்கு எங்கே போவது? சிலம்பக் கம்பு என்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், மேலநீலிதநல்லூர் ரோட்டில் வற்றிக் கிடந்த குளத்துக்குக் கம்புகளைப் பழைய வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனோம். கரை கொள்ளாத கூட்டம். பனவடலிசத்திரத்திலிருந்துகூட சைக்கிளில் ஆள் வந்திருந்தது. பதநீர்க்காரர் ஒருவர் பானையை இறக்கி வியாபாரத்தை ஆரம்பித்துவிட்டார்.

சண்முகவேல் கம்பு பிடித்து அறியாதவன். ஓங்கிய வேகத்தில் வேட்டி தடுக்கி, குப்புற விழுந்தான். முத்தையா கம்பைத் தூக்கவே இல்லை. "எந்திச்சி வீட்டுக்குப் போரும்வே" என்றார். கரை முழுக்கச் சிரித்தது. கம்புகளைப் பொதிந்து வந்த பழைய வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோமதி டீச்சர் வந்தார். புருஷனைத் தூக்கி நிறுத்தி, சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். முத்தையாவைத் திரும்பியும் பார்க்கவில்லை. என்னிடம்தான் பேசினார், சத்தம் போடாமல்.

"கிளப்புல அந்தத் தரகரு சொன்னத நாலஞ்சு பேரு கேட்டிருப்பாக. இப்பம் ஊரே கேட்டுட்டு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா அண்ணாச்சி?"

கீழே கிடந்த கம்பை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"அந்தக் கவி செத்த பெறவு அவரு பொஞ்சாதி என்ன ஆனா? அதப் படிச்சியளா?"

படிக்கவில்லை. கவி செத்த பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டிருந்தோம். டீச்சர் புருஷனைக் கூட்டிக்கொண்டு கரையேறினார்.

அடுத்த கோடையில் மாற்றல் வாங்கிக்கொண்டு இருவரும் சிவகிரிக்குப் போய்விட்டார்கள். 'கம்புச் சண்டை டீச்சர்' என்ற பேர் அவருக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்ததாம். சண்முகவேல் அப்புறம் என்னோடு பேசவில்லை. எத்தனையோ வருஷம் கழித்து அதே கவியைப் பற்றி வேறொரு புத்தகம் கிடைத்தது. கவியைக் கொண்டாடியவர்கள், அவர் சாவுக்கு அந்த மனைவியைத்தான் தலைமுறை தலைமுறையாகக் குறை சொன்னார்களாம்.

இப்போது கிளப் இருந்த இடத்தில் செல்போன் கடை. குளத்தை மனை போட்டு விற்றாயிற்று. முத்தையா இல்லை, சண்முகவேல் இல்லை, டீச்சரும் போய்விட்டார். எத்தனை பெண்பிள்ளைகளுக்கு அவர் எழுத்தறிவித்தார் என்று சொல்ல ஊரில் யாரும் மிஞ்சவில்லை. நான் ஒருவன் மிஞ்சியிருக்கிறேன். நானும் பாருங்கள், அவரைப் பற்றி இந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.