கார்ட்டர் அக்கா

கனடாவில் மொன்றியல் மட்டக்களப்பாருக்குள் சிவநேசத்தைக் 'கார்ட்டர் அக்கா' என்றால்தான் தெரியும். கேலிக்கு வைத்த பேர். அவள் அதைச் சந்தோசமாகவே எடுத்துக்கொண்டாள்.

ஊரில் அவளுடைய தகப்பன் கச்சான் கடலை பயிரிட்டவர். எழுபத்தாறில் அமெரிக்காவில் கச்சான் விவசாயி ஒருவர் ஜனாதிபதியாகிவிட்டார் என்று றேடியோ சொன்னபோது, தானே வென்றதுபோல அயலெல்லாம் சொல்லித் திரிந்தார். நாலு வருசத்தில் அந்தக் கார்ட்டர் தோற்றதும் பேரையே எடுப்பதில்லை. சிவநேசம் விடவில்லை. மொன்றியலில் தையல் தொழிற்சாலைக்குப் போய்வந்த காலத்தில், அதே மனுசன் ஜீன்ஸோடு நின்று வீடில்லாதவர்களுக்கு வீடு கட்ட ஆணி அடிப்பதை டிவியில் கண்டாள். அதன்பிறகு அவரைப் பற்றி எது வந்தாலும் பார்த்தாள்.

தொண்ணூற்றி நாலில் ஊர்ச்சங்கத் தலைவர் பதவிக்கு நின்றாள். அதுவரை ஒரு பெண்ணும் நின்றதில்லை. "உனக்கேன் இந்த வேலை?" என்றான் கணவன் மார்க்கண்டு. படுதோல்வி. வென்ற ஞானேந்திரன் மேடையில் நின்று, "அக்கா, குறை நினையாதீங்க. குசினிச் சமையல் பொறுப்பு எப்பவும் உங்களுக்குத்தான்" என்றான். மண்டபமே சிரித்தது.

சிவநேசம் ஏறிப்போய் மைக்கைப் பிடித்தாள்.

"சிரிச்சு முடிஞ்சுதா? கார்ட்டர் கவர்னர் தேர்தலில தோத்தவர். திரும்ப நிண்டு வெண்டவர். பிறகு ஜனாதிபதியானார். அதையும் சனம் பறிச்சுப்போட்டுது. அந்த மனுசன் முகத்தை மூடிக்கொண்டா படுத்தவர்? சுத்தியலைத் தூக்கினார். நானும் படுக்கமாட்டன். குசினிக்கும் வரமாட்டன். நீங்களே கிண்டுங்க."

சில பெண்கள் அவளோடேயே எழுந்து வெளியேறினார்கள்.

அந்தப் பனிக்காலத்தில், புதிதாக வந்திறங்கிய றோஸ்மேரியின் வீட்டு ஜன்னல் உடைந்து, கைக்குழந்தையோடு அவள் குளிரில் நடுங்கினாள். வாடகைக்கு விட்ட வீட்டுக்காரன் திருத்த மறுத்தான். சிவநேசமும் பெண்களும் பலகையும் சுத்தியலுமாகப் போனார்கள். முதல் ஆணி வளைந்தது. அடுத்த அடி விரலில் விழுந்தது. வீட்டுக்காரன் படியில் நின்று பிரெஞ்சில் கத்தினான்.

"பொலிசைக் கூப்பிடு. அவங்களும் வந்து இந்தக் குளிரைப் பாக்கட்டும்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு அவள் அடித்துக்கொண்டிருந்தாள். அவன் ஒருவரையும் கூப்பிடவில்லை. கொஞ்ச நாளில் புதுக் கண்ணாடி வந்தது.

தொண்ணூற்றி ஆறில் மறுபடி நின்றாள். மறுபடி தோல்வி. இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. ஞானேந்திரனே கிட்ட வந்து, "உபதலைவராவது இருங்களன் அக்கா" என்றான்.

"தம்பி, உங்களுக்குப் பின்னால கதிரையில இருந்து தலையாட்ட எனக்கு நேரமில்லை. நாளைக்கு லவால் பக்கம் ஒரு வீட்டுக்குக் கதவு போடவேணும். ஆள் காணாது. நீங்களும் வாங்க."

ஞானேந்திரன் வரவில்லை. மார்க்கண்டு வந்தான், எங்கேயோ இரவல் வாங்கிய ஏணியோடு. அடுத்த தேர்தலுக்கு அவளுடைய பேரை எழுந்து நின்று முன்மொழிந்ததும் அவன்தான்.