வெள்ளிமலை ஜீப்பில் ஒரு மே மாதக் கேசட்

மே மாதம், காலை ஏழேகால். வேலை விஷயமாகச் சென்னையிலிருந்து வெள்ளிமலைக்குக் கிளம்பியிருந்தேன். உளுந்தூர்பேட்டையில் பிடித்த பஸ் எலவனாசூர்கோட்டைக்கு முன்பே நின்றுவிட்டது. இட ஒதுக்கீடு கேட்டு மறியல். சாலையின் குறுக்கே வெட்டிப்போட்ட புளியமரம். நடந்தால் அந்தப் பக்கம் ஏதாவது கிடைக்கும் என்றார் கண்டக்டர். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தேன்.

எட்டரைக்கு மரத்துக்கு அப்பால் ஏழுமலை என்ற டிரைவரின் ஜீப் கிடைத்தது. கல்வராயன் மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப். போராட்ட நாட்களில் மட்டும் கூரையில் குழாய் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஊர் ஊராக அறிவிப்பு செய்யும். வெள்ளிமலைக்கு நாற்பது ரூபாய் கேட்டார். பேரம் பேசும் நிலையில் நான் இல்லை.

பாட்டு போடுகிறேன் என்று ஒரு கேசட்டைத் தள்ளினார். நாளை காலை ஆறு மணி முதல் மறியல் என்று அவர் குரலே முழங்கியது. அது நேற்றைய அறிவிப்பு. எனக்குச் சிரிப்பு வந்தது. அறிவிப்பு முடிந்ததும் ஒரு பாட்டு பாதியிலிருந்து கிளம்பியது. கிடார், கைதட்டல், ஐஸ் வண்டி மணி. என் சிரிப்பு நின்றுபோனது.

அது ‘மொட்டை மாடி மே மாதம்’ கேசட். எந்தச் சினிமாவிலும் வராத எட்டு பாப் பாட்டுகள். அப்போதே யாரும் வாங்கவில்லை, பிறகு கடைகளில் காணவும் இல்லை. கல்யாணமான முதல் கோடை முழுக்க என் மனைவி சுமதி அதைத்தான் கேட்டாள். அந்தக் கேசட்டின் முதுகில், மேலே பதியவிடாமல் தடுக்கும் இரண்டு ஓட்டைகளிலும் காகிதம் ஒட்டி, அதன்மேல் ஒரு ரேடியோ கச்சேரியைப் பதிவு செய்த புண்ணியவான் நான். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிப்போய்த் தொலைத்துவிட்டார் என்று சொல்லிவைத்தேன். அந்த மனிதரோடு அவள் இன்றுவரை பேசுவதில்லை.

ஏழுமலையும் அதே காகித வேலையைத்தான் செய்திருந்தார். ஒரு பக்கம் போயாயிற்று. அடுத்த வார அறிவிப்பை மறுபக்கத்தில் இன்று பதிவு செய்யப்போகிறாராம். புதுக் கேசட் வாங்கித் தருகிறேன் என்று கள்ளக்குறிச்சியில் இறங்கித் தேடினேன். ஒரு கடையும் திறக்கவில்லை. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது மறுபக்கத்தைப் போடச் சொன்னேன். நான்கு பாட்டுகளும் முழுசாக இருந்தன. வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்தது. நாலாவது பாட்டுக்கு ஏழுமலை ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். சுமதி பக்கத்தில் இல்லையே என்று இருந்தது.

பகல் ஒன்றரைக்கு வெள்ளிமலை. டீக்கடையில் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் கேசட்டை எடுத்து, இரண்டு ஓட்டைகளிலும் இருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டி எறிந்தார். இனி அதில் யாரும் எதையும் பதிய முடியாது.

“அறிவிப்ப வாயாலயே சொல்லிக்கினு போறேன்,” என்றார்.

நான் கையை நீட்டினேன். அவர் அதைத் திரும்ப ஜீப்பில் வைத்தார்.

“இது இங்கயே இருக்கட்டுங்க. அக்காவ கூட்டிக்கினு வாங்க, கேக்கட்டும். ஆனா அந்தப் பக்கத்து வூட்டுக்காரரு இன்னா பாவம் பண்ணாரு? அத மொதல்ல பாருங்க.”

இரண்டு நாள் கழித்து, மரங்களை அகற்றிய பிறகு சென்னை திரும்பினேன். மலையிலிருந்து கொண்டுவந்த குளிர்ச்சி செங்கல்பட்டோடு தீர்ந்துவிட்டது. எங்கள் தெருவில் தார் உருகிக்கொண்டிருந்தது. பையைக்கூட இறக்கி வைக்காமல், முதலில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.