வலது தோள், முக்கால் அங்குலம்

ஆயுத பூஜைக்கு நான்கு நாள் இருக்கும்போது, நான் வெட்டித் தைத்த பதினெட்டு சட்டைகளும் கடைக்குத் திரும்பி வந்தன. ஒன்றிரண்டு வந்திருந்தால் போட்டவர்களைக் குறை சொல்லித் தப்பித்திருக்கலாம். பதினெட்டும் வந்தால் அதற்கு வழியில்லை.

என்னிடம் தையல் பழக வருகிற பெண்கள் முதலில் கேட்பது, பேட்டர்ன் வைத்து வெட்டினால் தப்பே வராதா என்றுதான். அவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன்.

1. ஆணியில் தொங்கிய காகிதம்

செஞ்சி கடைத்தெருவில் காதர் பாய் கடையில் நான்கு வருடம் பட்டன் துளைக்குக் காஜா எடுத்தேன், பட்டன் கட்டினேன். கடையில் ஒரே ஒரு ஃபேன். அது கட்டிங் டேபிளுக்கு மேலே இருந்தது. கட்டிங் கற்றுக்கொள்ள நான் ஆசைப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம், மறைப்பானேன். கட்டிங் மாஸ்டர் திருப்பூருக்குப் போய்விட்டபோது, நான் பழகட்டுமா என்று பாயிடம் கேட்டேன். அப்போது எனக்கு முப்பத்தொரு வயது.

பாய் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த காகிதக் கட்டைக் காட்டினார். சட்டைக்கு முன்பாகம், பின்பாகம், கை, காலர் என்று பழுப்புக் காகிதத்தில் வெட்டிய பேட்டர்ன்கள். எல்லாம் அதிலேயே எழுதியிருக்கிறது, படித்துக்கொள் என்றார். பாடம் அத்தோடு முடிந்தது.

முதல் சட்டையைக் காகிதத்தின் ஓரத்தோடு ஒட்டி வெட்டினேன். தையலுக்குத் துணி விட வேண்டும் என்பது காகிதத்தில் எழுதியிருக்கவில்லை. பெரிய ஆளுக்கு வெட்டியது பள்ளிக்கூடப் பையனுக்குச் சரியாக இருந்தது. இரண்டாவது சட்டையில் கைகளை ஒரே பக்கமாக வைத்து வெட்டிவிட்டேன், இரண்டும் இடது கை. பாய் திட்டவில்லை. அதை ஹேங்கரில் போட்டுக் கதவில் மாட்டினார்.

"ரெண்டு இடது கை இருக்கிற கஸ்டமர் வந்தா குடுத்துடு."

அது ஒரு வருடம் தொங்கியது.

எனக்கு அதில் பிடித்தது பின்பாகத்துப் பேட்டர்ன். அது பாதி முதுகுதான். ஓரத்தில் 'மடிப்பில் வை' என்று எழுதியிருக்கும். துணியை இரண்டாக மடித்து, மடிப்போடு காகிதத்தைச் சேர்த்து வைத்து வெட்டினால், விரிக்கும்போது முழு முதுகு. பாதியைச் சரியாக வெட்டினால் மீதிப் பாதி இலவசம். மனுஷன் கண்டுபிடித்ததிலேயே இதுதான் பெரிசு என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2. பதினெட்டு பேர்

நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் ஆயுத பூஜைக்கு ஒரே மாதிரி நீலச் சட்டை போட்டு போட்டோ எடுத்துக்கொள்ள முடிவு செய்தார்கள். என் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவேன், வயதாகி வேலையை விடும் வரை அந்த மண்டியில்தான் மூட்டை தூக்கினார். அந்தப் பழக்கத்தில் மேஸ்திரி ஏழுமலை ஆர்டரை எங்கள் கடைக்குக் கொண்டுவந்தார். பாய் என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். இது முழுக்க உன் வேலை, நன்றாக வந்தால் கட்டிங் டேபிள் உனக்கு, இல்லாவிட்டால் திண்டிவனத்திலிருந்து ஒரு மாஸ்டரைக் கூட்டி வருவேன், நீ காஜாவுக்குப் போ.

மண்டிக்குப் போய் அளவெடுத்தேன். ஒவ்வொருவரையும் நேராக நிற்கச் சொல்லி மார்பு, தோள், உயரம், கை என்று நோட்டில் குறித்தேன். மடிப்பில் வைத்து வெட்டினேன். பழைய தப்பு ஒன்றுகூடச் செய்யவில்லை. கைகளை இரண்டு முறை சரிபார்த்தேன்.

கொடுத்தனுப்பிய சட்டைகளை மேஸ்திரி மூட்டையாகக் கட்டித் திரும்பக் கொண்டுவந்து டேபிளில் போட்டார்.

"இன்னாம்மா தச்சிருக்கிற? எல்லாருக்கும் ஒரு பக்கமா இழுக்குது."

ஒரு சட்டையை டேபிளில் விரித்தேன், சரியாக இருந்தது. ஹேங்கரில் மாட்டினேன், சரியாக இருந்தது. மேஸ்திரி மேல் போட்டேன். காலர் வலப்பக்கம் நகர்ந்தது, வலது கைக்கு மேல் துணி தொங்கியது, பட்டன் வரிசை கோணிக்கொண்டு நின்றது. டேப் வைத்துப் பார்த்தால் நோட்டில் இருந்த அளவேதான்.

"நேரா நில்லுங்க மேஸ்திரி."

"நேராத்தாம்மா நிக்கிறேன்."

பாய் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திண்டிவனத்துக்குத்தான் பேசுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் சட்டைகளைச் சுமந்துகொண்டு மண்டிக்குப் போனேன். பதினெட்டு பேரையும் போடச் சொல்லி, சுவரோரமாக வரிசையில் நிறுத்தினேன். பத்தடி தள்ளி நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது. பதினாறு பேருக்கு வலது தோள் கீழே இறங்கியிருந்தது, இரண்டு பேருக்கு இடது தோள். அந்த இரண்டு பேரும் இடது கைக்காரர்கள். வருடக்கணக்காக ஒரே தோளில் மூட்டை ஏற்றிய உடம்பு. சட்டை சரிதான், பேட்டர்னும் சரிதான். இரண்டு பாதியும் ஒன்று என்று நினைத்ததுதான் தப்பு.

3. துண்டு

இதை மற்றவர்கள் செய்திருந்தால் மன்னிக்கலாம். மூட்டை தூக்குகிறவர் வீட்டில் பிறந்து வளர்ந்த நான் காகிதத்தை நம்பியதை என்னவென்று சொல்வது?

மூட்டை உறுத்தாமல் இருக்க, நைனா வலது தோளில் எப்போதும் ஒரு துண்டை நாலாக மடித்துப் போட்டிருப்பார். நான் ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கூட விழாவில் எனக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். நைனா வந்திருந்தார். போட்டோ எடுக்கும்போது துண்டை எடுக்கச் சொன்னேன், மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் யாரும் துண்டோடு வரவில்லை. எடுத்தார். சட்டை ஒரு பக்கமாகத் தொங்கியது. எனக்கு அவமானமாகிவிட்டது. நேரா நில்லு நைனா என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அந்தப் போட்டோ சிங்கவரத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் இன்னும் இருக்கிறது. அதில் நைனா இடது தோளையும் கீழே இறக்கி, இரண்டையும் சமமாக்கப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அன்று மண்டியிலிருந்து நேராக வீட்டுக்குப் போனேன். மூட்டை தூக்குவதை விட்ட பிறகும் துண்டை ஏன் போடுகிறாய் என்று நைனாவிடம் கேட்டேன்.

"துண்டு போட்டா சட்டை தொங்கறது தெரியாது. உனக்கு அது புடிக்காதில்ல."

கொல்லைப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு பஸ் பிடித்துக் கடைக்கு வந்தேன், மூன்று நாள்தான் இருந்தது.

4. விரித்து வைத்து

வேலை இப்படி. மண்டி ஆட்களைக் கடைக்கு வரச் சொல்லி, தரையிலிருந்து இரண்டு தோள் நுனிக்கும் தனித்தனியாக டேப் பிடித்தேன். சிலருக்கு வித்தியாசம் அரை அங்குலம், பலருக்கு முக்கால், மேஸ்திரிக்கு ஒரு அங்குலத்துக்கு மேல். இறங்கிய பக்கத்துக் கையைப் பிரித்து, தோள் நுனியை அந்த அளவு இறக்கி, கை ஏறுகிற ஆர்ம்ஹோல் வளைவையும் அதே அளவு கீழே குடைந்து, கையை மறுபடி ஏற்றினேன். பதினெட்டு சட்டைக்கும் பதினெட்டு கணக்கு. பாய் பக்கத்தில் உட்கார்ந்து தையல் பிரித்துக் கொடுத்தார்.

பூஜையன்று காலையில் மேஸ்திரி சட்டையைப் போட்டுக் கையை மேலே தூக்கிப் பார்த்தார், கீழே இறக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். எங்கள் தொழிலில் கஸ்டமர் ஒன்றும் சொல்லாவிட்டால் பாராட்டு என்று அர்த்தம். திண்டிவனத்து மாஸ்டர் வரவில்லை. நான் ஃபேனுக்குக் கீழே வந்துவிட்டேன்.

நைனாவுக்கும் ஒரு சட்டை தைத்தேன். பின்பாகத்தை மடிப்பில் வைக்காமல், துணியை முழுக்க விரித்து, இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று என்று வரைந்து வெட்டினேன். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். சட்டை எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. பழக்கத்தில் துண்டை எடுத்தவர், அதை எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

இப்போது என் அளவு நோட்டில் மார்பு, உயரத்தோடு 'எந்தத் தோள்' என்று ஒரு கட்டம் உண்டு. பேட்டர்னை மடிப்பில் வைத்து வெட்டுங்கள், அதில் தப்பில்லை. அளவெடுக்கும்போது மட்டும் யாரையும் நேராக நிற்கச் சொல்லாதீர்கள். அவர்கள் நேராகத்தான் நிற்கிறார்கள்.