கொய்யா இலையின் அடிப்பக்கம்

ஆவடி பாக்டரி குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்த பத்து வருஷத்துக்கும் மேலான காலத்தில், சுவருக்கு என்ன நிறம் வேண்டும் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே மஞ்சள். வெளிறிப்போய், சோகை பிடித்த மஞ்சள். சில வருஷங்களுக்கு ஒருமுறை ஆட்கள் வருவார்கள். பீரோவை நகர்த்தக்கூட நேரம் கொடுக்காமல் பழைய மஞ்சளின்மேல் புது மஞ்சளை அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் நம் வீடு மாதிரியே இருக்கிறது என்று மற்றவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் என்ன பெருமை என்று கடைசிவரை புரியவில்லை.

மஞ்சள்மேல் எனக்கு விரோதம் இல்லை. ஆனால் மத்தியான வெயில் ஜன்னல் வழியாக அந்தச் சுவரில் விழுந்தால் கண் கூசும். அக்கம்பக்கத்தாருக்கு நான் ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஊசியில் நூல் கோப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். எழுந்துபோய்ப் பின்பக்கம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொள்வேன். அங்கே ஒரு கொய்யா மரம் நின்றது. காற்று வந்தால் இலைகள் திரும்பிக்கொள்ளும். மேல்பக்கம் சாதாரணப் பச்சைதான். அடிப்பக்கம் வேறு. கொஞ்சம் சாம்பல் கலந்த, பளபளப்பில்லாத, சத்தம் போடாத பச்சை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் ஆறிவிடும். நமக்கென்று ஒரு வீடு வந்தால் அது முழுக்க இந்த நிறம்தான் என்று அந்தக் கல்லில் உட்கார்ந்தே முடிவு செய்துவிட்டேன். அப்போது எங்களுக்கு மனைகூடக் கிடையாது.

எண்பதுகளின் கடைசியில் மேனாம்பேட்டில் வீடு எழும்பியது. ஒரு ஹால், ஒரு அறை, சமையலறை. சுவர்ப் பூச்சு காய்ந்ததும் நான் என் ஆசையைச் சொன்னேன். என் கணவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"பச்சையா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பாக்டரியில் அவருக்குப் பெயிண்ட் பிரிவில் வேலை. ராணுவ வண்டிகளுக்குப் பச்சை அடிப்பது. நகக்கண்ணில் பச்சை, காது மடலில் பச்சை, தும்மினால்கூடப் பச்சை.

"நாள் பூரா அதையே பாத்துட்டு வரேன். வீட்டுக்கு வந்தும் அதையே பாக்கணுமா?"

"அது வேற பச்சை. இது வேற பச்சை."

"பச்சையில என்னம்மா வேற?"

பெயிண்டிலேயே பிழைக்கிற மனுஷன் கேட்கிற கேள்வியா இது! எனக்குக் கோபம் வந்துவிட்டது. குவார்ட்டர்ஸ் பின்பக்கம் போய் ஒரு கொய்யா இலையைப் பறித்துவந்து, திருப்பி, அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"சரி. ஒரு ரூமுக்கு அடிச்சுக்கோ."

"வீடு முழுக்க," என்றேன்.

ஒரு அறைக்கு ரோஸ், ஒரு அறைக்கு நீலம் என்று அடிப்பதுதான் அந்த நாளில் வழக்கம். வீடு முழுக்க ஒரே நிறம் என்றதும் கொரட்டூரிலிருந்து வந்த பெயிண்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாக்கா, ஊடு ஃபுல்லா ஒரே கலரா? ஆஸ்பத்திரி மாதிரி கீதுன்னு சொல்லப்போறாங்கோ."

"சொல்லட்டும்."

கடைக்காரரின் கலர் அட்டையில் என் பச்சை இல்லை. கலந்துதான் எடுக்க வேண்டும். வெள்ளை டிஸ்டெம்பரில் பெயிண்டர் பச்சையை ஊற்றிக் கலக்கினார். சுத்தக் கிளிப்பச்சை வந்தது. கொஞ்சம் கறுப்பு விட்டால் அடங்கும் என்று நான் சொன்னதும் அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

"புது ஊட்டுக்கு, பால் காய்ச்சறதுக்கு முன்னாடி, கறுப்பா? என் கையால போடமாட்டேன்கா. நாளைக்கு உங்க ஊட்ல எதுனா ஆச்சுன்னா என்னத்தான் சொல்வாங்கோ."

அவரைப் பார்த்துச் சிரிக்கும் தைரியம் எனக்கு இல்லை. வாசலில் திருஷ்டி பொம்மையும் பூசணிக்காயும் கட்டித் தொங்கவிட்டிருந்தவளே நான்தான். டிரம்மைச் சுற்றி இரண்டு பேரும் முழித்துக்கொண்டு நின்றோம். ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்த என் கணவர் உள்ளே எட்டிப்பார்த்தார்.

"காவி போடு," என்றார். "பச்சை அடங்கணும்னா சிவப்புதான். கறுப்பு போட்டா அழுக்காத்தான் ஆகும்."

சிவப்பு என்றதும் பெயிண்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. காவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்க, கிளி வாயை மூடிக்கொண்டது. ஈரத்தில் ஒரு நிறமும் காய்ந்தால் ஒரு நிறமும் தெரியும் என்பதால், ஒவ்வொரு தடவையும் நியூஸ்பேப்பரில் தீற்றி வெயிலில் வைத்தோம். பக்கத்தில் கொய்யா இலை. முதல் இலை வாடிப்போனதும் குவார்ட்டர்ஸுக்கு ஆள் அனுப்பி இன்னொன்று பறித்துவரச் செய்தேன். கடைசியில், போதும் நிறுத்து என்று சொன்னது என் கணவர்தான். பச்சையில் என்ன வேறு என்று கேட்ட அதே மனுஷன்.

ஹால், அறை, சமையலறை, பரணின் உட்பக்கம் எல்லாம் அந்த ஒரே டிரம்மிலிருந்து அடித்தோம். காய்ந்த அன்று மத்தியானம் சாமான் எதுவும் இல்லாத ஹாலின் நடுவில் வெறும் தரையில் உட்கார்ந்தேன். ஜன்னலில் அதே மேற்கு வெயில்தான். கண் கூசவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

கிரகப்பிரவேசத்துக்கு பாக்டரி ஆட்கள் வந்தார்கள். காட்டுப்பாக்கத்திலிருந்து வந்தவர் என் கணவருக்கு உயிர் சிநேகிதர், அதே பெயிண்ட் பிரிவு, தெருக்கோடிவரை கேட்கிற குரல். பந்தியில் உட்கார்ந்து சுவரைச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா மச்சான், வண்டிக்கு அடிச்சது போக மீதியா? டிபன் பாக்ஸ்ல எடுத்துகினு வந்தியா?"

பந்தியே சிரித்தது. என் கணவரும் சிரித்தார். ஆனால் அவர் இலையில் வைத்த பாயசம் அப்படியே இருந்ததை நான் கவனித்தேன். கை துடைக்கிற பழந்துணியைக்கூட பாக்டரி கேட்டுக்கு வெளியே கொண்டுவராத மனுஷன் அவர். சோதனை போடுகிறவர் கேட்பதற்கு முன்பே டிபன் பாக்ஸைத் திறந்து காட்டுவார். எங்கள் பக்கத்தில் ஒரு பழைய வாளி பச்சையாக இருந்தாலே பாக்டரிப் பெயிண்ட்தானே என்று கேட்கிற ஊர். அப்படியிருக்க, ஒரு வீடு முழுக்கப் பச்சை அடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோமே என்பது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவே இல்லை.

அந்தக் கேலி கேன்டீன்வரை போனது. என் கணவர் யாரையும் வீட்டுக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். ஒருநாள் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை ஆள் வரச் சொல்லியிருக்கேன். வெள்ளை அடிச்சிரலாம்."

"விளையாட்டுக்குச் சொன்னதுக்கு வீட்டையே மாத்துவீங்களா?"

"உனக்கு அது விளையாட்டு. நாளைக்கு கேட்டுல என் டப்பாவைத் திறக்கறவன் சிரிச்சா?"

அவர் பயம் பொய்யில்லை. ஆனால் என் சுவர் மட்டும் பொய்யா? சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுது தீர்த்தேன். அன்று குழம்பில் உப்பு போடவில்லை, மறதியால் அல்ல. அவர் ஊறுகாயை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தார்.

அழுது முடித்த பிறகுதான் வெளியே காம்பவுண்டுச் சுவர் இன்னும் வெறும் சிமெண்டாகவே நிற்பது நினைவுக்கு வந்தது. மறுநாள் அவரிடம் போனேன்.

"ஏங்க, வெள்ளையே அடிங்க, நான் தடுக்கலை. ஆனா காம்பவுண்டுக்கு மட்டும் என் பச்சை. அதை முதல்ல முடிச்சிடுவோம். அந்த ஞாயித்துக்கிழமையே காட்டுப்பாக்கத்து அண்ணனை குடும்பத்தோட சாப்பிடக் கூப்பிடுங்க."

"அவனை எதுக்கு?"

"கறி எடுக்கப்போறேன். அதுக்குத்தான்."

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் சொல்லிவைத்தபடி பெயிண்டர் டிரம்மைத் தெருவிலேயே வைத்தார். வெள்ளை சிமெண்ட் பெயிண்ட், பச்சைப் பவுடர், காவி எல்லாவற்றையும் ஊர் பார்க்கப் பரப்பினார். சிநேகிதர் மனைவி பிள்ளைகளோடு வந்து இறங்கினார். கேட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு டீ கொடுத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். இனி என் வேலை எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். பெயிண்ட் பிரிவில் இருக்கிற ஆளால் இன்னொருவர் பெயிண்ட் கலக்குவதைச் சும்மா உட்கார்ந்து பார்க்க முடியாது.

முதலில் நாற்காலியிலிருந்தே யோசனை சொன்னார். பிறகு நாற்காலி நகர்ந்தது. பிறகு அவருடைய குரல் சமையலறைவரை வந்தது.

"டேய் டேய், காவிய மொத்தமா கொட்டாதடா! கட்டி கட்டிகினு நிக்கும். தள்ளு, குச்சியக் குடு!"

எட்டிப்பார்த்தேன். சட்டையைக் கழற்றி கேட்டில் மாட்டிவிட்டு, பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு அவர் கலக்கிக்கொண்டிருந்தார். அடிபம்பில் தண்ணீருக்கு நின்ற பெண்கள் குடத்தை வரிசையில் விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். இன்னும் வெளுக்கணும் என்றாள் ஒருத்தி, இதுவே சாணி மாதிரி இருக்கு என்றாள் இன்னொருத்தி.

"தங்கச்சி, இன்னா கலர்தான் ஓணும் உனக்கு?"

பின்பக்கம் நான் நட்டிருந்த கன்றிலிருந்து ஒரு கொய்யா இலையைப் பறித்துவந்து, அடிப்பக்கம் மேலே வரும்படி நீட்டினேன். அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார். வாசற்படியில் நின்றிருந்த என் கணவரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"காவி ஜாஸ்திடா."

"நீ சும்மா இரு மச்சான். இது ஆர்மிக்கு அடிக்கிற கை."

"அதனாலதான் சொல்றேன். இது ஆர்மி இல்ல. காஞ்சா வெளுத்து வரணும்."

அவரும் சட்டையைக் கழற்றினார். இரண்டு பேரும் தெருவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பேப்பரில் தீற்றித் தீற்றி ஊதிக்கொண்டு, சின்னப் பிள்ளைகள்போலச் சண்டை போட்டார்கள். நடுவில் என் கணவர் எதற்கோ வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டிருந்தது. கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

சுவருக்குப் பெயிண்ட் அடித்தவர்களும் அவர்கள் இரண்டு பேர்தான். பெயிண்டர் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார். முடிந்ததும் சிநேகிதர் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று, இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"நம்ம பாக்டரில இந்தக் கலர் எங்க கீது மச்சான்? தேடினாலும் கெடைக்காது. இது நான் கலக்கினது!"

பந்தியில் கேட்ட அதே குரல். அன்று அவர் தட்டில் நல்ல துண்டாகப் பார்த்துப் பார்த்து வைத்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் பெயிண்டர் மெதுவாகக் கேட்டார், "அண்ணாத்தே, உள்ள வெள்ளை?"

என் கணவர் கை கழுவிக்கொண்டிருந்தார். "எதுக்கு?" என்றார்.

மறுநாளிலிருந்து கேன்டீனில் கதை மாறிவிட்டது. மேனாம்பேட்டு வீட்டின் பச்சை காட்டுப்பாக்கத்துக்காரர் கண்டுபிடித்தது என்றானது. நான் மறுக்கவில்லை. பெருமையை அவரே வைத்துக்கொள்ளட்டும், சுவர் என்னிடம் இருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் பழையபடி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஹால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சீட்டாடுவார்கள். அவர்கள் முதுகு பட்டுப் பட்டு ஒரு இடத்தில் பச்சை தேய்ந்தே போனது.

தொண்ணூறுகளின் நடுவில் மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டி வந்தது. எங்கள் பெண் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். சந்தன நிறம்தான் இப்போது எல்லா வீட்டிலும் என்று ஒரு வாரமாக அவள் அப்பாவை நச்சரித்தாள். நான் சண்டைக்குத் தயாராக, மனசுக்குள் வசனம் மட்டும் சேர்த்துவைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கடைக்குக் கிளம்பினார். செருப்பை மாட்டியவர் எதையோ நினைத்துக்கொண்டதுபோலத் திரும்பிப் பின்பக்கம் போனார். குவார்ட்டர்ஸை விட்டு வரும்போது நான் கொண்டுவந்து நட்ட கொய்யாக் கன்று அங்கே மரமாகியிருந்தது. ஒரு இலையைப் பறித்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தார். சேர்த்துவைத்த வசனமெல்லாம் எனக்கு மறந்துபோனது.

இலையைத் திருப்பிக் காட்டி, "இந்தப் பக்கம்தானே?" என்று கேட்டார்.