பில்டக்காவின் விரல்

எங்கள் அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவர் பில்டக்கா.

பேருந்து நேரம் சொல்லும் எங்கள் செயலிக்கு ஆளுக்கொரு மூலையில் நிரல் எழுதுவார்கள். அது போனில் ஏற வேண்டுமென்றால், எழுதியதையெல்லாம் திரட்டிக் கோத்து, நிறுவனத்தின் மின்கையொப்பம் போட்டு, ஒரே பொட்டலமாகக் கட்ட வேண்டும். அதற்குப் பெயர்தான் பில்டு. ஆண்ட்ராய்டுக்கு ஒன்று, ஐபோனுக்கு ஒன்று. இரண்டும் அக்காவின் மடிக்கணினியில் மட்டும்தான் ஒழுங்காக வரும். மற்றவர்கள் தொட்டால் சண்டித்தனம் செய்யும். அக்கா லீவு கேட்டாலே மேனேஜருக்கு முகம் தொங்கிப்போகும்.

தன் தங்கையின் முதல் பிரசவத்தன்று கூட அக்கா ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து பில்டு போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே குழந்தை பிறந்துவிட்டது. அம்மா இல்லை, கணவனுக்குக் கப்பலில் வேலை. பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லாமல் தனியாகப் பெற்றாள் அந்தப் பெண். இதைக் கேட்டபோது மேனேஜர் மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது தங்கைக்கு மறுபடியும் மாதம் நெருங்கியது.

"இந்தத் தடவை நான் உள்ள இருக்கணும். பில்டைத் தானா ஓட வச்சுட்டுத்தான் மறுவேலை," என்றார் அக்கா. மூலையில் ஒரு புதுக் கணினியை வைத்து, தான் கையால் செய்வதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கட்டளையாக எழுதினார். ஆண்ட்ராய்டு சமர்த்தாக வந்தது. ஐபோன் மட்டும் கையொப்பத்துக்கு வந்ததும் கல்லுளிமங்கன் மாதிரி நின்றுவிட்டது. பிழை என்றும் சொல்லவில்லை, முடிந்தது என்றும் சொல்லவில்லை. அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"உங்க மெஷின்ல ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க," என்றேன். செயலியைச் சோதிப்பவன் நான். குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு.

பேசிக்கொண்டே ஓட்டினார். திரையில் சின்னதாக ஏதோ எட்டிப்பார்க்க, கொசுவை அடிப்பதுபோல் ஒரு தட்டு தட்டினார்.

"இப்ப என்னத்த அமுக்குனீங்க?"

"நானா? ஒண்ணும் அமுக்கலையே."

"அமுக்குனீங்கக்கா. திரும்ப ஓட்டுங்க."

இந்த முறை இருவரும் பார்த்தோம். 'கையொப்பத்தைப் பயன்படுத்த அனுமதிக்கலாமா?' என்று கணினி கேட்டது. அக்காவின் விரல் தானாகப் போய்ச் 'சரி' என்றது.

"அடப்பாவி, இத்தனை வருஷமா நீதானா?" என்று விரலைத் திட்டினார்.

மூலைக் கணினியும் இதையேதான் கேட்டிருக்கிறது. எதிரே பதில் சொல்ல ஆளில்லாமல், பாவம், காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அனுமதியை முன்கூட்டியே கொடுத்துவிடும் கட்டளை ஒன்றை அக்கா சேர்த்தார். பில்டு வந்துவிட்டது.

புதுப் பதிப்பு வெளியிடும் நாளும் தங்கைக்கு வலி எடுத்த நாளும் ஒன்றாகவே வந்து தொலைத்தன. மேனேஜர் பழக்கதோஷத்தில் அக்காவைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்தார்.

"வைங்க சார். அது தானா ஓடிக்கிட்டிருக்கு," என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. மதியத்துக்குள் இரண்டு பில்டும் வந்து சேர்ந்தன.

மறுநாள் அக்காவே கூப்பிட்டார். பில்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பொண்ணு," என்றார். "டாக்டர் தூக்கிக் காட்டினப்ப தங்கச்சி கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு என் கையைப் பிடிச்சிருந்தா. அவளுக்கும் முன்னாடி நான்தான் பார்த்தேன்."