திருப்பி வைத்த திரை

விருத்தாசலம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் செல்ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் அவர். நரைத்த கிருதா, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னத் திருப்புளி.

என் ஃபோன் விழுந்து திரை கறுத்துப்போனது. குவைத்தில் இருக்கும் கணவருக்கு மட்டும் அனுப்பிய படங்கள் அதில் இருந்தன. மற்ற கடைகளில், "வச்சிட்டுப் போங்க, நாளைக்கு வாங்க" என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை.

இவர் ஒரு ஒயரைச் செருகினார். என் ஃபோன் திரை கம்ப்யூட்டரில் தெரியப்போகும் நேரத்தில் மானிட்டரை என் பக்கம் திருப்பி, மவுஸைக் கையில் கொடுத்தார். பிறகு மானிட்டரின் முதுகுப்பக்கம் உட்கார்ந்து, மேசையிலிருந்த பீங்கான் கிளியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"பேட்டர்ன் போடுங்கம்மா. கேலரி தெரியுதுங்களா? எல்லாத்தையும் செலக்ட் பண்ணி, இந்தப் பென் டிரைவுக்கு காப்பி பண்ணுங்க."

நான் மவுஸ் பிடிபடாமல் தடுமாறினேன். "நீங்களே பாத்து செஞ்சிட்டா சீக்கிரம் முடிஞ்சிடுமேண்ணே?"

"முடியுங்கம்மா. பூட்டு ரிப்பேர் பண்ண வந்தவன் வூட்டுக்குள்ள எதுக்கு வரணும்?"

வாசலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். அவர் என்னை அவசரப்படுத்தவில்லை. கடைசிப் படமும் பென் டிரைவில் ஏறியது.

"எல்லாம் வந்துட்டுதுங்களா?" என்று நான் சொல்லும் முன்பே அவரே கேட்டார்.

அந்தப் பக்கத்திலிருந்து அவருக்குத் தெரிந்தது என் முகம் மட்டும்தான்.