சொல்லாமல் எழுந்தவன்

"சொல்லிட்டு எழுந்திரு!"

ரொட்டிக்கடைக்காரர் போட்ட சத்தத்தில், பெஞ்சிலிருந்து பாதி எழுந்த தபால்காரர் அப்படியே அந்தரத்தில் நின்றார். கையில் டீ தளும்பியது.

"எழுந்திருக்கப் போறேன், அண்ணே."

"ம். இப்ப எழுந்திரு."

தபால்காரர் எழுந்தார். அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்த கடைக்காரரின் பெருத்த உடம்பு தானாக மறுபக்கம் சாய்ந்து, பிறகு நிமிர்ந்தது. பெஞ்சோ தரையோடு ஆணி அடித்த பெஞ்சு. கடையோ கல்லுக்கட்டடம். எது கவிழப் போகிறது என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள். உங்கள் சாயங்காலம் போய்விடும்.

ஒரு காலத்தில் அவர் நீராவிக் கப்பலில் ரொட்டி சுட்டவர். மூடுபனியில் கப்பல் பாறையில் மோதிப் பிளந்தது. பத்துப் பேர் உட்கார வேண்டிய படகில் இருபது பேர் ஏறினார்கள். உடம்பைப் பார்த்து இவரை நடுப்பலகையில் உட்கார வைத்தார்கள். யாராவது அசைந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், மற்றவர்கள் எதிர்ப்பக்கம் சாய வேண்டும் என்று சட்டம் போட்டவர் இவர்தான். எல்லாரும் கரை சேர்ந்தாயிற்று, இவருக்குத் தலையும் நரைத்தாயிற்று. சட்டத்தை மட்டும் யாரும் ரத்து செய்யவில்லை.

"கட்டின புதுசுல எனக்குப் பயமா இருந்துச்சு," என்கிறார் அவர் மனைவி. "சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தாக்கூடச் சொல்லணும். இப்ப எங்கம்மா வீட்டுல போய் 'எழுந்திருக்கப் போறேன்'ங்கறேன். எனக்குப் பைத்தியம் பிடிச்சுடுச்சுன்னு அங்க பேசிக்கறாங்க."

இன்னொன்றும் உண்டு. மழையின் முதல் துளி விழுந்தால், கல்லாவில் எத்தனை பேர் நின்றாலும் சரி, மனிதர் தெருவுக்கு ஓடிப்போய் வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நிற்பார். வயிறு நிறைந்த பிறகுதான் உள்ளே வருவார். மற்ற நேரத்திலும் அந்த வாய் மூடாது. வாடிக்கையாளர் இல்லாவிட்டால் மாவோடு பேசுவார். "என்னடா, இன்னும் உப்பமாட்டேங்கற? உனக்கு என்ன கோபம் என் மேல?" பக்கத்துக் கடைச் செருப்புத் தொழிலாளி சொல்வார்: "அவர் தூங்கறப்பகூட வாய்க்கு லீவு கிடையாதுங்க."

அந்த ஊரில் சொல்லாமல் எழுகிற ஆள் ஒரே ஒருவர். அதே கப்பலில் கொதிகலனுக்குக் கரி தள்ளியவர், அதே படகில் தப்பியவர். இப்போது மரமில்லில் உலைக்கு விறகு போடுகிறார். ஒல்லி, கறுப்பு, அடங்காத ஆள். ஒருவரை ஒருவர் 'மாவு', 'கரி' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் கரி நேரே ரொட்டிக்கடைக்கு வருவார், டீ குடிப்பார், வேண்டுமென்றே விருட்டென்று எழுவார். உடனே ஆரம்பித்துவிடும்.

"அன்னிக்கும் இப்படித்தான்டா எழுந்த! படகு சாஞ்சுது, குடிதண்ணிப் பீப்பா கடலுக்குள்ள போச்சு. நாக்கு வறண்டு செத்திருப்போம்!"

"நான் எழுந்ததாலதான்டா அந்த வழியாப் போன கப்பல்காரன் நம்மளப் பார்த்தான். உன்னை மாதிரி உட்கார்ந்தே இருந்திருந்தா இன்னேரம் மீனுக்கு இரை!"

இரண்டும் உண்மை. பீப்பா போனதும் கரியால்தான், கப்பல் வந்ததும் கரியால்தான். அதனால்தான் சண்டை தீரவே இல்லை. படகில் இடம் கிடைக்காமல் போனவர்களைப் பற்றி இருவரும் வாயே திறப்பதில்லை. அந்தப் பேச்சு வந்துவிடக் கூடாதே என்றுதான் இந்தச் சண்டையை இத்தனை வருடம் இழுத்துக்கொண்டிருந்தார்களோ என்னவோ.

இந்த லட்சணத்தில் மாவின் மகளுக்கும் கரியின் மகனுக்கும் ஒருவரை ஒருவர் பிடித்துப்போய்விட்டது. பெண் துணிந்து கரியின் முன்னாலேயே போய் நின்றாள். "எங்களுக்குச் சம்மதம் சொல்லுங்க மாமா."

"உன்னை மருமகளாக்கிக்க எனக்கென்ன கசக்குதா? ஆனா ஒண்ணு. உங்கப்பன் ஒரே ஒரு தடவை, கடைசிவரைக்கும், குறுக்க பேசாம என் படகுக் கதையைக் கேக்கணும். அவன் கடையில, நாலு பேர் முன்னால. நடுவுல ஒரு வார்த்தை பேசினான்னா பேச்சு முறிஞ்சுது."

செய்தியைக் கேட்ட மாவு, பிசைந்த மாவை ஓங்கித் தொட்டியில் அறைந்தார். "அவன் புளுகறத நான் வாயைப் பொத்திட்டுக் கேக்கணுமா? நடக்காது!"

மகள் அழவில்லை, சாப்பிடாமலும் இருக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "உங்க வாய் பெரிசா, நான் பெரிசாப்பா?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே மகள். பதில் சொல்லாமல் அடுப்பைக் கிளறப் போய்விட்டார். வாழ்க்கையில் அவர் பதில் சொல்லாமல் போனது அதுதான் முதல் தடவை என்று மனைவி சத்தியம் செய்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை நிரம்பி வழிந்தது. கரி புதுக் கோட்டு போட்டுக்கொண்டு, மாப்பிள்ளையே தான்தான் என்பது போல வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மாவு பக்கத்தில் உட்கார்ந்தார். பிசைந்த கையைக்கூடக் கழுவவில்லை. உள்ளே போனால் திரும்பி வரும் தைரியம் இருக்குமோ என்ற பயம். மகளும் பையனும் கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

கரி ஆரம்பித்தார். பாறை, பனி, படகு. மாவின் உதடு துடித்தது. 'அலை பனைமர உயரம்' என்றபோது தொடையைக் கிள்ளிக்கொண்டார். அன்றைக்கு அலையே இல்லை!

"அப்பத்தான் நான் எழுந்தேன்," என்றார் கரி.

இத்தனை வருடமும் கதை அறுபடுகிற இடம் அதுதான். மாவின் வாய் திறந்தேவிட்டது. மகள் கண்ணை மூடிக்கொண்டாள். மாவு சட்டென்று பக்கத்துத் தட்டிலிருந்த பாதி ரொட்டியை அப்படியே எடுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டார். கன்னம் இரண்டும் உப்பின. கூட்டம் சிரித்தது. கரி சிரிக்கவில்லை. அந்த இடத்துக்கு மேல் அவரும் அதுவரை அந்தக் கதையைச் சொன்னதே இல்லை.

"ஏன் எழுந்தேன்? கப்பலைப் பார்த்தா? கப்பல் எங்க இருந்துச்சு அப்ப. இந்த ஆளு படகுல ஏறினதுலேர்ந்து பேசிட்டே இருந்தான். எந்த ரொட்டிக்கு எவ்வளவு உப்பு, எந்த அடுப்பு எப்படி எரியும்னு... எரிச்சலா வரும். ஆனா அந்தச் சத்தத்தைப் பிடிச்சுட்டுத்தான் நாங்கல்லாம் உயிரோட இருந்தோம். அன்னிக்கு விடிஞ்சதும் பேச்சைக் காணோம். கூப்பிட்டேன். உலுக்கினேன். போயிட்டான்னு நினைச்சேன்."

கரி டீயை ஒரு வாய் குடித்தார்.

"எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! கடவுளை நிக்க வெச்சுக் கேக்கணும்னு எழுந்தேன். வானத்தைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டித் திட்டினேன். படகு சாஞ்சதுல இவன் முழிச்சுக்கிட்டதும் தெரியல, பீப்பா போனதும் தெரியல. அந்தக் கப்பல்காரன் நான் உதவிக்குக் கூப்பிடறேன்னு நினைச்சுக்கிட்டான்! அவ்வளவுதான் கதை."

எல்லாரும் மாவைப் பார்த்தார்கள். இப்போது அவர் பேசலாம், நிபந்தனை முடிந்துவிட்டது. வாய் நிறைய ரொட்டி. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

கரிக்குக் கூச்சமாகிவிட்டது. "சரி சரி, தேதியைக் குறிங்க," என்று சொல்லிக்கொண்டே எழப் பார்த்தார்.

மாவு ஈரமாவு ஒட்டிய இரண்டு கையாலும் அவருடைய கோட்டை இறுக்கிப் பிடித்தார்.

"டேய், கோட்டுடா! புதுக் கோட்டுடா, டேய்!" என்று கத்தினார் கரி.

மாவு விடவில்லை.